கசிவு கேட்டு ஒரு நேர்த்திக்கடன்

பெயரில் மட்டும் குளத்தை வைத்திருந்த வெம்பக்குளம் நகராட்சியில் குடிதண்ணீர் பதினொரு நாளைக்கு ஒருமுறை வந்தது. அது வருகிற நாளில் யாரும் கல்யாணம் வைப்பதில்லை, சாவு விழுந்தால்கூடக் குடத்தை நிரப்பிவிட்டு வந்துதான் அழ உட்காருவார்கள். அப்படிப்பட்ட ஊரில் மேட்டுத்தெருவுக்குத் தண்ணீர் திறந்துவிடுகிற வேலை சோலையப்பனுக்கு. வால்வு அவன் கையில் இருந்ததால் அவனுக்கு இந்திரன் என்று பட்டப்பெயர், தண்ணீர் மெதுவாக வந்தால் அதே வாய்கள் வைக்கிற பெயர்களை இங்கே எழுத முடியாது. திறப்பதும் மூடுவதும் போக அவனுடைய மிச்ச வேலையெல்லாம் கசிவை அடைப்பதுதான். எங்கே குழாய் ஈரமாகத் தெரிந்தாலும் பழைய சைக்கிள் டியூபைக் கிழித்து இறுக்கிச் சுற்றிவிட்டுத்தான் அடுத்த காரியம் பார்ப்பான். கசிவு என்ற சொல்லைக் கேட்டாலே மேட்டுத்தெருவில் பல்லைக் கடிப்பார்கள்.

அவன் பெண்டாட்டி செண்பகத்துக்கு ஐந்தாம் மாதம் முடிகிற சமயத்தில் விருதுநகருக்குப் போய் ஸ்கேன் எடுத்தார்கள். டாக்டரம்மா வயிற்றில் பசையைத் தடவிக் கருவியை வைத்து, வலமும் இடமும் மேலும் கீழுமாக முக்கால் மணிநேரம் தேய்த்தார். பிறகு சோலையப்பனை உள்ளே கூப்பிட்டு உட்காரச் சொன்னார்.

"பிள்ளைக்கு இதயத்துல இருந்து கிளம்புற ரெண்டு பெரிய ரத்தக்குழாயும் இடம் மாறிப்போயிருக்கு. வயித்துக்குள்ள இருக்கிற வரைக்கும் பயமில்ல, அம்மா ரத்தம் பாத்துக்கும். பிறந்த பிறகுதான் கஷ்டம், நீலம் பாயும். அதனால பிரசவத்தை மதுரையில பெரிய ஆஸ்பத்திரியில வச்சுக்கணும். பத்து நாளைக்குள்ள ஆபரேஷன் பண்ணிக் குழாயை மாத்தி வச்சிட்டா நல்லபடியா வளரும். முன்னாடியே கண்டுபிடிச்சதுதான் நம்ம அதிர்ஷ்டம். நாலு வாரத்துக்கு ஒருக்கா வந்து காட்டிட்டுப் போங்க."

டாக்டரம்மா ஸ்கேன் படம் ஒட்டியிருந்த தாளின் பின்பக்கம் சிவப்பு மையிலும் நீல மையிலும் அம்புக்குறி போட்டுப் படமும் வரைந்து கொடுத்தார். சோலையப்பன் காதில் விழுந்தது 'இதயம்', 'ஆபரேஷன்' என்ற இரண்டு சொல்தான். செண்பகம் முழுக்கக் கேட்டாள், ஆனால் அழுதுகொண்டே கேட்டதால் பஸ் ஏறுவதற்குள் பாதி கரைந்துவிட்டது. பஸ்ஸிலிருந்து சோலையப்பன் தன் அக்கா வெயிலாச்சிக்குப் போன் போட்டுப் பிள்ளைக்கு இதயத்தில் என்னமோ என்றான். வெயிலாச்சி மேட்டுத்தெருவின் குழாயடிக்கு ராணி, யார் குடம் முன்னால் யார் குடம் பின்னால் என்று பதினாறு வருடமாகத் தீர்ப்புச் சொல்லி வருகிறவள். அவளுக்குத் தெரியாத நோய் கிடையாது.

"இதயத்துலன்னா ஓட்டைதான்டா தம்பி. வேற என்னத்த இருக்கப்போகுது" என்றாள். அந்த ஊரில் இதயத்துக்கு அந்த ஒரு வியாதியைத்தான் தெரியும்.

மூன்றாம் நாள் தண்ணீர்முறை. சோலையப்பன் குழிக்குள் இறங்கி வால்வை மூன்றரைச் சுற்றுத் திருகி ஒரு தட்டுத் தட்டினான், தண்ணீர் வந்தது, தெரு பிடித்தது. வெயிலாச்சி தன் பச்சைக் குடத்தை நிமிர்த்தி வைத்து, தண்ணீர் அலை அடங்கியதும் தூசி விழுந்திருக்கிறதா என்று குனிந்தவள், உள்ளே ஒரு சின்ன இதயம் துடிப்பதைப் பார்த்தாள். ஸ்கேன் படத்தில் இருந்தபடியே சாம்பல் நிறம், நாலு அறை, நடுவில் ஒரு சுவர். அடுத்த குடத்திலும் அதுவே இருந்தது. எதிர்வீட்டு நீலக் குடத்திலும், தையல்கடையின் சில்வர் பானையிலும், நாய்க்கு வைத்த மண்சட்டியிலும் அதே இதயம் ஒரே சமயத்தில் சுருங்கி விரிந்தது. வெயிலாச்சி நிமிர்ந்து, "இது நம்ம செண்பகத்துப் பிள்ளையோடது" என்றாள். குடத்து விஷயத்தில் அவள் சொன்னால் சொன்னதுதான்.

தெருவுக்கு முதலில் வந்த கவலை தண்ணீர் கெட்டுப்போயிருக்குமோ என்பது. நகராட்சியிலிருந்து சுகாதார ஆய்வாளர் வந்து இரண்டு பாட்டிலில் மாதிரி எடுத்துப் போனார். குளோரின் சரியாக இருக்கிறது, இதயம் தென்படுகிறது, குடிக்கத் தகுந்தது என்று ஒரு வாரத்தில் அறிக்கை வந்தது. பிறகு கொதிக்கவைத்தால் போய்விடுகிறது என்று கண்டுபிடித்தார்கள், ஆகவே காப்பிக்குத் தடையில்லை. மோரில் தெரியவில்லை. நாலு விரல் அகலத்துக்குக் குறைந்த வாயுள்ள பாத்திரத்திலும் தெரியவில்லை, ஆகவே செம்பில் மொண்டு குடிப்பவர்களுக்குச் சங்கடம் வரவில்லை. குடத்தை நங்கென்று இறக்கிவைக்கிற பழக்கம் தெருவில் தானாக நின்றது. ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் நிமிடத்துக்கு நூற்று நாற்பத்தைந்து துடிப்பு என்று எண்ணிக் கணக்குநோட்டில் எழுதினார்கள், வாத்தியார் குடத்தைப் பார்த்துச் சரிபார்த்து மார்க் போட்டார். ஆணா பெண்ணா என்று பார்க்கத்தான் சிலர் ஆசைப்பட்டார்கள். அப்படிப் பார்த்துச் சொல்வது சட்டப்படி குற்றம் என்று கவுன்சிலர் குழாயடியில் ஒரு போர்டு வைத்தார். இதயத்தைப் பார்த்து எவனாலும் அதைச் சொல்ல முடியாது என்று அப்புறம்தான் அவருக்குத் தெரிந்தது, போர்டு மட்டும் இருந்துகொண்டது.

கீழத்தெருக்காரர்களுக்குப் பொறாமை. எங்களுக்கும் அதே டேங்க்தானே, எங்கள் குடத்தில் ஏன் வரவில்லை என்று மனு எழுதிக் கொடுத்தார்கள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது.

ஆனால் எல்லோர் கண்ணும் கடைசியில் போய் நின்றது ஓட்டையில்தான். நடுச்சுவரில், மேல் இரண்டு அறைகளுக்கு இடையே, ஒரு சின்னக் கதவு போல அது திறந்து திறந்து அடித்துக்கொண்டிருந்தது. ரத்தம் அதன் வழியாக இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போவது தெளிவாகத் தெரிந்தது. கசிவு. பதினொரு நாளைக்கு ஒருமுறை தண்ணீர் பார்க்கிற தெரு அதைச் சும்மா பார்த்துக்கொண்டிருக்குமா? சோலையப்பனுக்கு அதைப் பார்க்கும்போதெல்லாம் கை தானாக இடுப்பில் சொருகியிருந்த டியூப் துண்டைத் தேடிப் போகும். எத்தனையோ ஊர்க் குழாயை அடைத்தவன், பெற்ற பிள்ளையின் குழாயை அடைக்க வழியில்லாமல் நிற்கிறோமே என்று குழிக்குள் இறங்கி உட்கார்ந்து அழுதிருக்கிறான்.

வெயிலாச்சி மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டாள். தெருவே நேர்ந்துகொண்டது. நாற்பத்தெட்டு நாள் ஒருவேளைச் சாப்பாடு, தினமும் காலையில் அவரவர் குடத்துக்கு முன்னால் நின்று ஓட்டை அடைய வேண்டும் என்று கும்பிடுவது, வெள்ளியில் ஒரு இதயம் செய்து அம்மனுக்குச் சார்த்துவது. ஆவுடையப்பன் ஆசாரி குடத்தைப் பார்த்துப் பார்த்து, நாலு அறையும் நடுச்சுவரும் அதில் ஓட்டையுமாக அச்சு அசலாகச் செய்துகொண்டு வந்தார். ஓட்டையோடு யாராவது நேர்த்திக்கடன் செலுத்துவார்களா என்று பெண்கள் அவரைத் திருப்பி அனுப்பினார்கள். ஆசாரி முனகிக்கொண்டே போய்ப் பற்றவைத்து அடைத்துக் கொண்டுவந்தார். அதைச் சார்த்தி ஒரு மாதம் ஆகவில்லை, குடத்துக்குள் ஓட்டை சுருங்க ஆரம்பித்தது.

முதலில் யாரும் நம்பவில்லை. பிறகு தினமும் பார்த்தார்கள். மிளகளவு இருந்தது கடுகளவாயிற்று. தெருவில் சிரிப்பு வந்தது, விரதத்துக்குப் பலம் வந்தது, வெயிலாச்சி நடந்தால் தரை அதிர்ந்தது. இடையில் விருதுநகருக்கு ஸ்கேனுக்குப் போக வேண்டிய தேதிகள் வந்தன, போயின. தினமும் நாற்பது குடத்தில் பார்க்கிறதைக் காட்டிவரப் பஸ் ஏறிப் போய் வரிசையில் உட்காருவானேன், கையிலே வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவானேன் என்றது தெரு. சோலையப்பனும் அப்படித்தான் சொன்னான். மதுரைக்கெல்லாம் போக வேண்டியதில்லை, உள்ளூர் ஆஸ்பத்திரியே போதும் என்றும், வருகிற வெள்ளிக்கிழமை அம்மனுக்குப் பொங்கல் வைப்பது என்றும் முடிவாயிற்று. அப்போது ஒன்பதாம் மாதம் பிறந்திருந்தது.

வியாழக்கிழமை மத்தியானம் சோலையப்பன் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தான். செண்பகம் ரசத்தைத் தாளித்துக்கொண்டிருந்தாள். எந்தக் குழியில் இறங்குவதற்கு முன்னாலும் லைன் எங்கே கிளம்பி எங்கே போய்ச் சேருகிறது என்று தரையில் விரலால் கோடு போட்டுப் பார்ப்பது அவன் வழக்கம். சோறு வருகிற வரைக்கும் சும்மா இருக்க முடியாமல், எதிரே இருந்த குடத்துக்குள் பார்த்துக்கொண்டு அந்த லைனுக்குத் தரையில் கோடு இழுத்தான். இத்தனை மாதமும் தகப்பனாகப் பார்த்தவன் அன்றைக்குத்தான் வேலைக்காரனாகப் பார்த்தான். விரல் ஒரு இடத்தில் நின்றுவிட்டது. அழித்துவிட்டு மறுபடி இழுத்தான். எழுந்துபோய் டிரங்குப் பெட்டியிலிருந்து டாக்டரம்மா தாளை எடுத்துவந்து சிவப்பு அம்பையும் நீல அம்பையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தான்.

டாக்டரம்மா படத்தில் நுரையீரல்தான் டேங்க், உடம்புதான் வீடுகள். டேங்கிலிருந்து நல்ல தண்ணீர் கிளம்பி வருகிறது, வந்த வேகத்தில் திரும்ப டேங்குக்கே போகிறது. வீடுகளிலிருந்து அழுக்குத் தண்ணீர் வருகிறது, அதுவும் திரும்ப வீடுகளுக்கே போகிறது. இரண்டு லைனும் அததற்குத் தனியாக வட்டம் அடித்துக்கொண்டிருந்தன. வயிற்றுக்குள் இருக்கிற வரை தாய் லாரித்தண்ணீர் மாதிரி ஊற்றிக்கொண்டிருக்கிறாள், தெரியவில்லை. பிறந்து அந்த லாரி நின்றால் நல்ல தண்ணீர் ஒரு சொட்டாவது வீட்டுக்கு எப்படி வரும்? நடுச்சுவரில் இருக்கிற அந்தக் கசிவு வழியாக வந்தால்தான் உண்டு. அதைத்தான் ஊரே கூடி விரதம் இருந்து அடைத்துக்கொண்டிருந்தது. சோலையப்பன் தாளைக் கையில் பிடித்தபடி அடுப்படியைப் பார்த்துக் கூப்பிட்டான்.

"செண்பகம், அந்த டாக்டரம்மா ஓட்டைன்னா சொன்னாக?"

கரண்டியோடு வந்தவள் தாளையும் தரையில் கிடந்த கோட்டையும் பார்த்தாள். "சொல்லல. குழாய் இடம் மாறிருக்குன்னுதான் சொன்னாக. ஓட்டைன்னு சொன்னது மதினி."

"அப்பவே நீ சொல்லியிருக்கலாமே."

"நீங்க கேட்டிருப்பீகளா?" என்றாள். கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "நானும் ஆசப்பட்டுட்டேன். அடைஞ்சிட்டா பிள்ளைய அறுக்க வேண்டாமேன்னு நானும்தான் கும்பிட்டேன்" என்று சொல்லி உட்கார்ந்து அழுதாள்.

சோலையப்பன் போன் போட்டான். டாக்டரம்மா முழுதும் கேட்டுவிட்டு, குடத்தைப் பற்றி ஒன்றும் சொல்லாமல், "அந்த ஓட்டை எல்லாப் பிள்ளைக்கும் பிறக்கிற வரைக்கும் இருக்கிற கதவுதான். இந்தக் குறை உள்ள சில பிள்ளைகளுக்கு அது முன்னாடியே சுருங்கும். பதினாறு வாரமா ஏன் வரல? அப்படிச் சுருங்கிருந்தா பிறந்த மறுநிமிஷமே ஆபத்து. உடனே மதுரைக்குக் கிளம்புங்க, நான் அங்க சொல்லி வைக்கிறேன்" என்றார்.

மதுரைக்குப் போகச் சொல்லிவிட்ட வாடகைக் கார் வருவதற்குள் தெருவுக்குச் சொல்ல வேண்டியிருந்தது. பொங்கலுக்கு அரிசி புடைத்துக்கொண்டிருந்தார்கள். சோலையப்பன் குழாயடியில் நின்று, பெரிய பேச்சுப் பேசி அறியாதவன், தனக்குத் தெரிந்த பாஷையில் சொன்னான்.

"கீழத்தெரு சாக்கடை லைனும் நம்ம குடிதண்ணி லைனும் மாறிப்போச்சுன்னு வச்சுக்கங்க. நல்ல தண்ணி நம்ம வீட்டுக்கு வர வழியே இல்ல. எங்கயோ ஒரு இடத்துல கசியுது, அந்தக் கசிவுல வர்றதக் குடிச்சு நாம உசிரோட இருக்கோம். இப்பம்போய் ஒருத்தன் அந்தக் கசிவையும் டியூபச் சுத்தி அடச்சா என்ன ஆகும்?"

"செத்துப்போவோம்" என்றது தையல்கடை.

"அதத்தான் நாம நாப்பத்தெட்டு நாளாச் செஞ்சுக்கிட்டு இருக்கோம்."

வெயிலாச்சி முறத்தைக் கீழே வைத்தாள். வாழ்க்கையில் ஒரு குடத்தைக்கூட வரிசை மாற்றி வைத்தேன் என்று ஒத்துக்கொள்ளாதவள், தம்பியைப் பார்த்து, "ஓட்டைன்னு மொதல்ல சொன்னவ நான்தான்டா" என்றாள். தாய்வீட்டு முதல் வாரிசுக்குத் தன் வாயாலேயே எமனைக் கூப்பிட்டுவிட்டேனே என்று அவள் தலையில் அடித்துக்கொண்டாள். கார் கிளம்பிப் போனதும் முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு கோயிலுக்கு நடந்தாள், தெரு பின்னாலேயே போயிற்று.

பலித்த வேண்டுதலைத் திருப்பி வாங்க முறை எதுவும் கிடையாது என்று பூசாரி சொன்னார். அரிசி பருப்பு மாதிரி திருப்பித் தருகிற சரக்கா இது என்று கேட்டார். வெயிலாச்சி அவரை விலக்கிவிட்டு அம்மனுக்கு நேராக நின்றாள்.

"ஆத்தா, நாங்க தெரியாமக் கேட்டுட்டோம். நீ கேட்டதக் குடுத்துட்ட, உம்மேல தப்பில்ல. இப்பம் அந்த ஓட்டையத் திரும்பக் குடு."

ஆவுடையப்பன் ஆசாரியை வரச்சொல்லி, அம்மன் கழுத்தில் கிடந்த வெள்ளி இதயத்தில் அடைத்த இடத்தைத் துளைக்கச் சொன்னார்கள். நான் முதலிலேயே ஓட்டையோடுதானே செய்தேன் என்று அவர் ஒவ்வொருத்தியாகப் பார்த்துச் சொல்லிவிட்டுத்தான் ஊசியை எடுத்தார். அம்மனோ அவசரப்படவில்லை. மறுநாளும் அதற்கடுத்த நாளும் குடத்தில் ஓட்டை கடுகளவிலேயே நின்றது, பிறகு ஊசிமுனையளவாயிற்று. மேட்டுத்தெருவில் யாருக்கும் சோறு இறங்கவில்லை. செய்கிற விரதமெல்லாம் செய்து முடித்துவிட்டதால் இனி எதை விடுவது என்றும் தெரியவில்லை.

மதுரையில் பன்னிரண்டாம் நாள் காலை பெண்பிள்ளை பிறந்தது. சோலையப்பன் பார்க்கும்போது நாவல்பழம் தின்றது போல உதடு நீலமாக இருந்தது, அழுகைகூட அரைகுறையாகத்தான் வந்தது. தயாராக நின்றவர்கள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அடுத்து நடந்ததை அவன் பார்க்கவில்லை, ஊர் பார்த்தது. குடங்களில் கீழிருந்து, டாக்டர்கள் உள்ளே விட்ட மெல்லிய கம்பி ஒன்று ஏறி வந்து, ஊசிமுனை ஓட்டைக்குள் தட்டுத்தடுமாறி நுழைந்து, அந்தப் பக்கம் போனதும் நுனியில் பலூன் போலச் சுண்டைக்காய் அளவுக்கு உப்பியது. பிறகு வெடுக்கென்று ஒரு இழுப்பு. நடுச்சுவர் கிழிந்தது. நல்ல ரத்தம் குபுகுபுவென்று அந்தப் பக்கம் பாய்ந்ததைப் பார்த்ததும், கசிவைக் கண்டால் பல்லைக் கடிக்கிற மேட்டுத்தெரு குலவையிட்டது. கசிவுக்குக் குலவையிட்ட ஊர் உலகத்திலேயே அது ஒன்றுதான் இருக்கும்.

ஆனால் அது தற்காலிக ஏற்பாடு, குழாயை மாற்றிவைத்தால்தான் தீரும். ஆபரேஷன் எட்டாம் நாள் என்றார்கள். அன்றைக்கு மேட்டுத்தெருவுக்குத் தண்ணீர்முறை, பிரசவத்துக்கு முன்னால் வந்த முறைக்கு அவன் ஒரு பொழுது வந்து திறந்து மூடிவிட்டுப் போயிருந்தான். நகராட்சியிலிருந்து போன் வந்தது. அந்த வால்வு வேறு யார் கைக்கும் அடங்காது, முன்னால் ஒருமுறை வேறு ஆள் திருகப்போய் ஊரே வெள்ளமானது. சோலையப்பன் முடியாது என்று சொல்லிவிட்டான். செண்பகம்தான் அவனைப் போகச் சொன்னாள்.

"எனக்கு எங்கம்மா துணைக்கு இருக்காக. இங்க இருந்தா நீங்க கதவத்தான் பாத்துக்கிட்டு நிக்கணும். ஊருக்குப் போனா பிள்ளையப் பாக்கலாம். உள்ள வச்சு நெஞ்ச நிறுத்துவாகளாம், நிறுத்திட்டுத்தான் தைப்பாகளாம். அந்நேரம் ஒருத்தராச்சும் அவளக் கண்ணால பாத்துக்கிட்டு இருக்கணும்."

அவன் முதல் பஸ்ஸில் வந்து இறங்கினான். ஒன்பதரைக்கு வால்வைத் திறந்தான், தண்ணீர் வந்தது. பெண்கள் குடங்களை நிரப்பித் தெருவின் இரண்டு பக்கமும் வரிசையாக வைத்தார்கள், யாரும் வீட்டுக்குள் தூக்கிப் போகவில்லை. சோலையப்பன் வெயிலாச்சியின் பச்சைக் குடத்துக்கு முன்னால் குத்தவைத்து உட்கார்ந்தான். பதினொரு மணி வாக்கில் துடிப்பு மெதுவானது. ஒருமுறை சுருங்கியது, விரிந்தது, நின்றது. நாற்பது குடத்திலும் நின்றது.

நிறுத்துவார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். தெரிந்து என்ன செய்ய? நிற்கிற இதயத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிற பழக்கம் யாருக்கும் இல்லை. குழாயில் தண்ணீர் அதுபாட்டுக்குக் கொட்டிக்கொண்டிருந்தது, ஒருத்தி குடம் வைக்கவில்லை, அது வாய்க்காலில் ஓடி வீணாவதை ஒருத்தரும் திரும்பிப் பார்க்கவில்லை. சோலையப்பன் மட்டும் பேசிக்கொண்டிருந்தான். "அப்பா இருக்கேன்டா, பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்" என்று குடத்துக்குள் சொல்லிக்கொண்டே இருந்தான். உள்ளே இரண்டு குழாய்களும் வெட்டுப்பட்டன. ஒன்று அந்தப் பக்கம் போயிற்று, இன்னொன்று இந்தப் பக்கம் வந்தது, தைத்த நூல் போன பாதை தெரியவில்லை, ஆனால் வாயோடு வாய் சேர்ந்தது தெரிந்தது. கடைசியாக, அத்தனை பேரும் விரதம் இருந்த அந்த ஓட்டையையும் தைத்து மூடினார்கள். இனி அது வேண்டியதில்லை. சோலையப்பன் தரையில் கோடு இழுத்துப் பார்த்தான், லைன் சரியாக இருந்தது. துடிப்புதான் இன்னும் வரவில்லை.

ஒரு மணிக்கு மேல், தூக்கத்தில் திரும்பிப் படுக்கிற பிள்ளை போல, அது ஒருமுறை அசைந்தது. இன்னொரு முறை அசைந்தது. பிறகு ஓட ஆரம்பித்தது. வெயிலாச்சி தம்பியின் தோளைப் பிடித்துக்கொண்டாள், இரண்டு பேரும் அழுதார்கள். தெருவில் பெருமூச்சு விட்டார்கள், யாரோ சோறு பொங்கலாம் என்றார்கள். அந்தச் சமயத்தில் குடங்கள் வெறுமையாயின. கடைசி வீட்டில் தொடங்கி ஒவ்வொன்றாக மங்கி, பச்சைக் குடத்திலும் மங்கி, தண்ணீரும் குடத்தின் அடியும் மட்டும் தெரிந்தது. சோலையப்பன் குடத்தை உலுக்கினான். கையை விட்டுத் துழாவினான். "போயிருச்சாக்கா?" என்று கேட்டான். வெயிலாச்சி எழுந்து அடுத்த குடத்தையும் அதற்கடுத்ததையும் குனிந்து பார்த்துக்கொண்டே போனாள்.

மூன்று மணிவரை அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். போன் அடித்தது. அவன் எடுக்கவில்லை, அவனால் எடுக்க முடியவில்லை, வெயிலாச்சி எடுத்து அவன் காதில் வைத்தாள்.

"உள்ள விட்டாக" என்றாள் செண்பகம். "ஒரு நிமிசம் பாத்தேன். நெஞ்சு நெடுக்க கட்டுப் போட்டிருக்காக, மூக்குல வாயில எல்லாம் டியூபு. ஆனா நகம் சிவந்திருச்சுங்க. பத்து நகமும் சிவந்திருக்கு."

"குடத்துல ஒண்ணும் தெரியலயே செண்பகம்."

"இனிமே குடத்துல என்னத்துக்குத் தெரியணும்? வந்து பிள்ளையப் பாருங்க."

சோலையப்பன் எழுந்து நடந்தான், பிறகு ஓடினான், நாலு மணிப் பஸ்ஸைக் கைகாட்டி நிறுத்தி ஏறினான். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து முதல்முறையாக வால்வை மூட மறந்திருந்தான். மேட்டுத்தெருவில் இருட்டுகிற வரைக்கும் தண்ணீர் வந்துகொண்டிருந்தது, அவனைக் கூப்பிட்டு மூடச் சொல்ல ஒருத்தரும் போன் போடவில்லை.